கொளுவல்களை எழுதிவைத்த புத்தகங்கள்

“கூட்டுத் தொழில் எங்கட ஆக்களுக்குச் சரிவராது, தம்பி.”

வட்டக்கச்சியில் இந்த வசனத்தைக் கேட்காமல் தொழில் தொடங்கின இளைஞர் குழு ஒன்று இருக்குமா என்பது சந்தேகம். மூன்று பேர் சேர்ந்து காளான் வளர்க்கப் போறம் என்றாலும், நாலு பிள்ளைகள் சேர்ந்து பால் வாங்கித் தயிர் போடப் போறம் என்றாலும், வாழ்த்துக்கு முன்னம் இதுதான் வரும். ஆறு மாதத்தில் குழு உடைந்தால் “நான் அப்பவே சொன்னனான்” என்பது இரண்டாவது வசனம். உடையாமல் நின்றால் ஒருத்தரும் ஒன்றும் சொல்லமாட்டினம்.

இந்த வசனத்தை நாங்கள் சும்மா விடப் போறதில்லை. முதலாவது காரணம், அது சரித்திரப்படி பிழை. யாழ்ப்பாணத்தில் 1929இல் கூட்டுறவு மாகாண வங்கி தொடங்கினது. 1930களில் மலையாளப் புகையிலையை விற்க விவசாயிகள் சேர்ந்து கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்தார்கள். மூளாயில் ஊர்ச்சனம் சேர்ந்து கூட்டுறவு முறையில் ஆசுபத்திரியே நடத்தினது. யாழ்ப்பாண நகரத்தில் இருக்கிற வீரசிங்கம் மண்டபத்தில் நாடகமும் புத்தக வெளியீடும் பார்த்திருப்பீர்கள். அந்த வீரசிங்கம் ஆரென்று எத்தனை பேருக்குத் தெரியும்? மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்து, வடக்கின் கூட்டுறவு இயக்கத்தை வளர்த்தவர். பிறகு வட்டுக்கோட்டையின் நாடாளுமன்ற உறுப்பினர். கூட்டுத் தொழில் சரிவராத சனம் தன் பெரிய மண்டபத்துக்குக் கூட்டுறவுக்காரர் ஒருவரின் பெயரை வைக்குமா?

இரண்டாவது காரணம்தான் முக்கியம். அந்த வசனம் கேள்வியையே மாற்றிவிடுகிறது. “ஏன் சண்டை பிடிச்சவை?” என்று கேட்க வைக்கிறது. நாலு பேர் காசு போட்ட இடத்தில் கொளுவல் வரத்தான் செய்யும். தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு. கேட்க வேண்டியது, வந்த கொளுவலுக்கு என்ன நடந்தது, அதிலிருந்து அந்தக் குழு என்ன படித்தது, படிக்க விடாமல் எது தடுத்தது என்பதை. இந்தக் கேள்வியோடு இலங்கையின் கூட்டுறவுச் சரித்திரத்தை வாசித்தால் வேறொரு கதை தெரிகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கதை இங்கிலாந்தில் தொடங்க வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும், வேறு வழியில்லை.

றொச்டேல் என்பது லங்காசயர் பக்கத்து நெசவு ஊர். 1844இல் அங்கே 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண் என்று மெல்ல மெல்லச் சேர்த்து 28 பவுணோடு டோட் லேன் என்ற தெருவில் ஒரு கடை திறந்தார்கள். டிசெம்பர் 21, குளிர்கால இரவு. வெண்ணெய், சீனி, மா, ஓட்ஸ் மா, மெழுகுதிரி. அவ்வளவுதான் கடையில் இருந்த சாமான். கூட்டுறவு பற்றிய எல்லாப் பாடப்புத்தகத்திலும் இந்தக் கதை இருக்கிறது; பரீட்சைக்குப் பாடமாக்கி மறந்திருப்போம்.

பாடப்புத்தகம் சொல்லாத சங்கதி, இந்த 28 பேரும் ஒரே கொள்கைக்காரர் இல்லை என்பது. றொபேட் ஓவனைப் பின்பற்றினவர்கள் இருந்தார்கள். எல்லா ஆணுக்கும் வாக்குரிமை கேட்ட சாட்டிஸ்டுகள் இருந்தார்கள். குடிக்கு எதிராக நின்றவர்களும் இருந்தார்கள். இதைவிட, அதே ஊரில் பத்து வருசத்துக்கு முந்தி இதேமாதிரி ஒரு கடை தொடங்கிக் கடன் கொடுத்தே மூடுப்பட்டிருந்தது. நெசவுக்காரனுக்குக் கிழமைக் கூலி. கிழமை நடுவில் கையில் காசில்லை. கடன் கொடாத கடைக்கு ஆர் வருவான்? கடன் கொடுத்தால் கடை எப்படி நிற்கும்? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற கேள்வி இது. எங்கட சங்கக்கடைகளுக்கும் இதுதான் கேள்வி, இன்றைக்கு ஒழுங்கை முகப்பில் பெட்டிக்கடை வைத்திருக்கிற அக்காவுக்கும் இதுதான் கேள்வி.

அவர்கள் “காசுக்கு மட்டும்” என்று முடிவெடுத்து அதை விதியாக எழுதினார்கள். ஆளுக்கு ஒரு வாக்கு, பங்கு எத்தனை இருந்தாலும். இலாபத்தை வாங்கின சாமானின் அளவுக்கு ஏற்பப் பிரிப்பது. பின்னாளில் இலாபத்தில் நூற்றுக்கு 2.5 வீதம் படிப்புக்கு என்று ஒதுக்கி வாசிகசாலையும் நூலகமும் நடத்தினார்கள். இந்த விதிகளை ஞானிகள் சிலர் இருந்து யோசித்த தத்துவமாக வாசிக்கிறதுதான் வழக்கம். எங்களுக்கு அவை தீர்த்துவைத்த சண்டைகளின் பட்டியலாகத்தான் தெரிகிறது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு தோல்வி, ஒரு வாக்குவாதம், ஒரு முடிவு. முடிவு எழுத்தில் வந்ததால் அடுத்தவன் அதே சண்டையைத் தொடக்கத்திலிருந்து பிடிக்கத் தேவையில்லை. கற்றல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

ஆனால் அதே றொச்டேல்காரர் தோற்ற சண்டையும் ஒன்று உண்டு. 1854இல் அவர்கள் கூட்டுறவு முறையில் பஞ்சாலை ஒன்று தொடங்கினார்கள். இலாபத்தில் பங்குதாரருக்கு ஒரு பகுதி, வேலை செய்கிற தொழிலாளிக்கு ஒரு பகுதி என்பது ஏற்பாடு. ஆலை நன்றாக ஓடினது. ஓடினபடியால் புதுப் பங்குதாரர் வந்தார்கள். வந்தவர்களுக்குக் கடன் கடை மூடுப்பட்ட கதையும் தெரியாது, 28 பவுண் சேர்த்த கதையும் தெரியாது. தெரிந்தது பங்குக்கு எவ்வளவு வரும் என்பது. 1862இல் வாக்கெடுத்துத் தொழிலாளியின் பங்கை நிறுத்தினார்கள். பழைய ஆட்கள் எதிர்த்தும் சரிவரவில்லை. சண்டை விதிப்படிதான் நடந்தது, எழுதப்பட்டும் இருக்கிறது, ஆனால் முந்தின சண்டைகளில் படித்தது புது ஆட்களுக்குப் போய்ச் சேரவில்லை. படிப்புக்கு 2.5 வீதம் ஒதுக்கின இயக்கத்திலேயே இப்படி.

*

இலங்கைக்கு வந்த கூட்டுறவு நேரே றொச்டேலிலிருந்து வரவில்லை. 1911ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் ஜெர்மனியின் றைபைசன் முறையைப் பின்பற்றினது. றைபைசன் ஒரு சின்ன நகரபிதா. கடனில் மூழ்கிக்கொண்டிருந்த கமக்காரரைப் பார்த்தவர். அவருடைய யோசனை மிக எளிமையானது, கொஞ்சம் பயங்கரமானதும் கூட. சங்கம் சின்ன ஊருக்குள் இருக்க வேணும். எல்லாரும் எல்லாரையும் தெரிந்தவராக இருக்க வேணும். ஒருவர் கட்டாவிட்டால் மற்ற எல்லாரும் தங்கட சொத்துவரை பொறுப்பு. இதை வரையறையற்ற பொறுப்பு என்பார்கள்.

இதன் விளைவை யோசியுங்கோ. கந்தையர் மாடு வாங்கவென்று கடன் கேட்கிறார். செயற்குழுவில் இருக்கிற செல்லத்துரையருக்குத் தெரியும் கந்தையரின் மகளுக்குச் சம்பந்தம் பேசுப்படுகிறது என்று. காசு மாட்டுக்கா, தாலிக்கொடிக்கா? கேட்டால் பகை. கேட்காவிட்டால் தன் தோட்டத்துக்கு ஆபத்து. (பேர்கள் நாங்கள் சும்மா போட்டவை. சங்கதி சும்மா இல்லை.) இந்த முறையில் கொளுவல் கட்டாயம். ஆனால் அந்தக் கொளுவல்தான் ஊருக்குக் கணக்குப் படிப்பித்தது. எது உற்பத்திக் கடன், எது செலவுக் கடன், எந்தப் பயிருக்கு எந்த மாதம் காசு திரும்பும், ஆருடைய வாக்குக்கு எவ்வளவு பெறுமதி என்று வங்கி முகாமையாளர் படிக்கிற படிப்பை வெத்திலை சப்பிக்கொண்டு குந்தியிருந்தவர்கள் கதைத்துக் கதைத்துப் படித்தார்கள். கதைத்தது கூட்டறிக்கைப் புத்தகத்தில் ஏறினது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், எதிர்த்தவர் என்று.

1921இல் சட்டம் விரிந்து கடன் தவிர வேறு சங்கங்களுக்கும் இடம் வந்தது. அதற்குப் பிறகுதான் புகையிலைச் சங்கம் மாதிரியானவை. இலையைத் தரம் பிரிக்கிற இடத்தை ஒருக்கால் கற்பனை செய்து பாருங்கோ. தன் இலை இரண்டாம் தரம் என்று எந்தத் தோட்டக்காரன் ஒத்துக்கொள்ளுவான்? வியாபாரி தரம் பிரித்தால் முறுமுறுத்துக்கொண்டு போகலாம். பக்கத்துத் தோட்டக்காரன் தரம் பிரித்தால் கேள்வி கேட்டே ஆக வேணும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு அளவுகோல் வேணும்.

இந்த இடத்தில் பழம்பெருமை பேசி நிறுத்த எங்களுக்கு விருப்பமில்லை. ஆளுக்கு ஒரு வாக்கு என்பது விதியில் இருந்தது. ஆனால் சாதியால் பிரிந்து கிடந்த ஊரில் சங்கம் மட்டும் சாதியைத் தாண்டி நின்றது என்று சொல்ல ஏலாது. ஆர் கதிரையில் இருப்பது, ஆர் வாங்கில் இருப்பது, ஆர் வாசலில் நிற்பது என்பது கூட்டம் தொடங்குவதற்கு முன்னமே முடிவாகியிருந்த ஊர்கள் உண்டு. வாசலில் நின்றவன் எதிர்த்து ஒன்றும் சொல்லமாட்டான். கூட்டறிக்கையில் “ஏகமனதாக” என்று எழுதுப்படும். பழைய புத்தகங்களில் “ஏகமனதாக” என்ற சொல்லைக் கண்டால் நாங்கள் இப்ப கொஞ்சம் நின்றுதான் வாசிக்கிறது.

*

இதைப் பற்றி ஆராய்ச்சிக்காரர் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்காமல் போக ஏலாது, ஏனென்றால் “குழு முரண்பாடு” என்ற பேரில் முகாமைத்துவம் படிக்கிற ஆட்களுக்கு இது பெரிய பாடம்.

கரென் ஜென் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1995இல் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கொம்பனியின் 105 குழுக்களை ஆராய்ந்தார். முரண்பாட்டை இரண்டாகப் பிரித்தார். வேலை பற்றிய முரண், ஆட்கள் பற்றிய முரண். ஆட்கள் பற்றிய முரண் எப்போதும் கெடுதல். வேலை பற்றிய முரண், புதிதாக யோசிக்க வேண்டிய வேலைகளில் நன்மை. தினமும் ஒரேமாதிரிச் செய்கிற வேலைகளில் தொந்தரவு. இதைக் கேட்டவுடன் எல்லாருக்கும் சந்தோசம். “நல்ல சண்டை பிடியுங்கோ, கெட்ட சண்டை பிடிக்காதேங்கோ” என்று பயிற்சிப் பட்டறை வைக்க இலகு.

பிறகு 2003இல் டி டிரூ, வைங்காட் என்ற இரண்டு பேர் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். நல்ல சண்டை என்று சொல்லப்பட்டதும் குழுவின் செயற்பாட்டுக்குக் கெடுதலாகத்தான் கணக்கில் வந்தது. பட்டறைக்காரருக்குச் சங்கடம். 2012இல் டி விட், கிரியர் என்ற இருவருடன் சேர்ந்து ஜென்னும் 116 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தபோதுதான் சிக்கு கொஞ்சம் அவிழ்ந்தது. வேலைச் சண்டை ஆள்ச் சண்டையாக ஒட்டிக்கொள்கிற குழுக்களில் அது கெடுக்கிறது. ஒட்டாத இடத்தில் அவ்வளவு கெடுக்கவில்லை, சில இடங்களில் உதவுகிறது.

எங்கட பார்வையில் முழு விசயமும் அந்த “ஒட்டிக்கொள்வதில்” இருக்கிறது. “இந்த விலைக்குப் பால் வாங்கினால் நட்டம்” என்பது வேலைச் சண்டை. “நீ உன்ர மாமாவிட்டை வாங்கிறதாலதான் இந்த விலை” என்பது ஆள்ச் சண்டை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளிதான். எங்கள் ஊர் மாதிரி எல்லாரும் எல்லாருக்கும் உறவாக இருக்கிற இடத்தில் இடைவெளி அதைவிடக் குறைவு. றைபைசன் பலமாகக் கண்ட அதே “எல்லாரும் எல்லாரையும் தெரிந்த” நிலைமைதான் இங்கே பலவீனம். புத்தகத்தில் எழுதுகிற பழக்கம் அந்த இடத்தில்தான் உதவினது என்று நினைக்கிறோம். எழுதும்போது “விலை பற்றி ஆட்சேபம் தெரிவிக்கப்பட்டது” என்றுதான் எழுத வரும். மாமா அந்த வசனத்துக்குள் நுழைய மாட்டார்.

இன்னொரு ஆய்வு. ஏமி எட்மண்ட்சன் 1990களில் ஆசுபத்திரித் தாதியர் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளை எண்ணினார். நல்ல குழுவில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். நல்ல குழுக்களில்தான் பிழை கூடுதலாகப் பதிவாகியிருந்தது. அங்கே பிழை கூடுதலாக நடக்கவில்லை, கூடுதலாகச் சொல்லப்பட்டது. சொன்னால் ஏச்சு விழாது என்ற நம்பிக்கை இருந்த இடத்தில் வாய் திறந்தார்கள். வாசலில் நின்றவனின் “ஏகமனது”க்கு இதுதான் விளக்கம்.

*

இப்ப வன்னிக்கு வருவம்.

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டினது 20ஆம் நூற்றாண்டின் முதல் இருபது வருசங்களில். அதன் கீழ் குடியேற்றங்கள் வளர்ந்தன. வட்டக்கச்சியும் இராமநாதபுரமும் அப்படி வளர்ந்த ஊர்கள். யாழ்ப்பாணத்தின் பல ஊர்களிலிருந்து காணி தேடி வந்த சனம். ஒருவரை ஒருவர் தலைமுறையாகத் தெரிந்த ஊர் அல்ல இது. அருகருகே காணி கிடைத்தவர்களின் ஊர். 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்களும் கிளிநொச்சியில் சேர்ந்தார்கள். காட்டை வெட்டினார்கள், கூலிக்கு வயல் செய்தார்கள், பலருக்குக் கனகாலம் காணிக்கு உறுதி இல்லை. ஆக, றைபைசன் கேட்ட முதல் நிபந்தனையே இங்கே இல்லை. பதிலாக வேறொன்று இருந்தது: எல்லாருக்கும் பொதுவான தண்ணி.

தண்ணிப் பங்கீட்டைப் பழைய நாளில் வட்டவிதானை பார்த்தார். ஆருடைய வயலுக்கு எப்ப மடை திறப்பது என்பது அவர் கையில். கொளுவல் வந்தால் அவர் சொல்வதுதான் தீர்ப்பு, நியாயமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் இதை மாற்றினது. விதானைக்குப் பதிலாகக் கமக்காரர் தெரிவுசெய்கிற பயிர்ச்செய்கைக் குழு. கொண்டுவந்தவர் பிலிப் குணவர்த்தன, பண்டாரநாயக்க அரசின் விவசாய, உணவு அமைச்சர். அதற்கு முந்தின வருசம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களைத் தொடங்கினவரும் அவர்தான். கடனுக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று பிரிந்து கிடந்ததை ஒரு சங்கத்துக்குள் கொண்டுவருவது நோக்கம்.

பிலிப்பின் கதையே ஒரு குழு முரண்பாட்டுக் கதை. அவர் கூட்டுறவுக்கென்று தனி அபிவிருத்தி வங்கி கேட்டார். அதே அமைச்சரவையின் வலதுசாரி அமைச்சர்கள் எதிர்த்தார்கள். இரண்டு பக்கமும் கொள்கையும் இருந்தது, ஆள்மேல் வெறுப்பும் இருந்தது. 1959இல் அந்த அமைச்சர்கள் அவருடைய பொறுப்புகளைக் குறைக்கும்வரை அமைச்சரவைக் கூட்டத்துக்கே வராமல் விட்டார்கள். அதாவது அமைச்சர்மாரின் வேலைநிறுத்தம்! மே மாதம் பிலிப் அரசை விட்டு வெளியேறினார். வங்கி யோசனை செத்துப் போகவில்லை. 1961இல் மக்கள் வங்கியாக வந்தது, கூட்டுறவுச் சங்கங்களும் அதில் பங்காளிகளாக. ஆனால் அதைக் கேட்டு அடிபட்டவர் அப்போது அறையில் இல்லை.

பயிர்ச்செய்கைக் குழுக்களும் அங்கங்கே தடுமாறின. காணிச் சொந்தக்காரர் விடவில்லை, சட்டத்தில் ஓட்டைகளும் இருந்தன. என்றாலும் கமக்காரர் தாங்களே தெரிவுசெய்த ஆட்களோடு தாங்களே சண்டை பிடிக்கிற ஒரு இடம் அது. அந்தப் பழக்கம் வேர்விட எத்தனை வருசம் வேணும் என்று நினைக்கிறீர்கள்? கிடைத்தது பதினாலு வருசம்.

1970களின் தொடக்கத்தில் இரண்டு காரியம் நடந்தது. முதலாவது, 1971இல் கூட்டுறவுச் சங்கங்களை ஒன்றாக்கினார்கள். நாடு முழுக்க ஐயாயிரம் அளவில் இருந்த சின்னச் சங்கங்கள் 372 பெரிய சங்கங்களாகச் சுருங்கின. நட்டத்தில் ஓடின சங்கங்கள் கனக்க இருந்தன, அதனால் காரணம் இல்லாமல் இல்லை. கூடவே பணிப்பாளர் சபைகளில் அமைச்சர் நியமிக்கிற ஆட்கள் வந்து அமர்ந்தார்கள். இரண்டாவது, 1972இல் வந்த விவசாய உற்பத்திச் சட்டம் கமக்காரர் குழுக்களையும் நியமனத்துக்குக் கொண்டுபோனது.

இந்தக் காலம் வன்னிக்குப் பொற்காலம் என்று எங்கட ஐயா, அப்பப்பா எல்லாரும் சொல்லுவினம். மிளகாய், வெங்காய இறக்குமதிக்குக் கட்டுப்பாடு; விளைவித்தவனுக்கு நல்ல விலை. மிளகாய் விற்றுக் கல்வீடு கட்டினவை, உழவு இயந்திரம் வாங்கினவை என்று கதை கதையாக இருக்கிறது. பொய்யில்லை. ஆனால் அதே வருசங்களில்தான் சங்கத்துக்குள் கொளுவுகிற பழக்கம் போனது. கொளுவி என்ன பலன்? முடிவு மேலிடத்தில். செயற்குழுவில் ஆர் என்பதை எம்.பி.யின் ஆள் தீர்மானிக்கிறார். சின்னச் சங்கத்தில் கேள்வி கேட்டவன் பெரிய சங்கத்தில் வரிசையில் நின்று கூப்பனுக்குச் சாமான் வாங்குகிறவனாக மாறினான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஊர் இரண்டுபடக்கூட வழியில்லாமல் போனது. 1977இல் இறக்குமதி திறந்து மிளகாய் விலை விழுந்தபோது, சேர்ந்திருந்து “இனி என்ன செய்வம்” என்று கதைக்க ஒரு மேசை இருக்கவில்லை. தனித்தனியே தாங்கினார்கள், தனித்தனியே விழுந்தார்கள்.

இது எங்கட ஊகம் கலந்த வாசிப்பு. விலை விழுந்ததற்குக் காரணம் கொழும்பின் கொள்கை, சங்கம் அல்ல. சின்னச் சங்கங்கள் இருந்திருந்தாலும் விலை விழுந்துதான் இருக்கும். ஆனால் தோல்வியிலிருந்து படிக்கிறதுக்கு ஒரு இடம் வேணும். டீன் ஷெப்பேர்ட் என்ற ஆய்வாளர் 2003இல் எழுதினது போல, தொழில் தோற்றால் வருவது துக்கம், செத்தவீட்டுத் துக்கம் மாதிரி. அது ஆறாமல் ஒருத்தரும் அதிலிருந்து படிக்கமாட்டார். செத்தவீட்டில் எங்கட சனம் என்ன செய்யும்? எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று திரும்பத் திரும்பக் கூடிக் கதைக்கும். தொழில் செத்தால் கூடிக் கதைக்க எங்கட்டை ஒன்றும் இல்லை.

போர்க்காலத்தைப் பற்றி நீளமாக எழுதவில்லை. பொருளாதாரத் தடைக்குள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம்தான் நிவாரணத்தைக் கொண்டுவந்து சேர்த்தது, சங்கக்கடை இல்லாவிட்டால் பல வீட்டில் அடுப்பு எரிந்திராது. அதை மறந்தால் நன்றிகெட்ட ஆட்கள் நாங்கள். ஆனால் நிவாரண வரிசையில் எவரும் தொழில் படிப்பதில்லை. 2009 தொடக்கத்தில் வட்டக்கச்சி முழுக்க இடம்பெயர்ந்தபோது அந்தப் புத்தகங்களும் அலுமாரியோடு கிடந்து அழிந்தன.

*

மீள்குடியேறி வந்த பிறகு “குழு” என்ற சொல் ஊரில் பெருகினது. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, சுயதொழில் குழு, சேமிப்புக் குழு. இவற்றில் பழையவையும் உண்டு, ஒரே நாளில் பிறந்தவையும் உண்டு. திட்டத்துக்குப் பத்துப் பேர் கொண்ட குழு வேணும் என்று வெளியிலிருந்து கேட்டால் பத்துப் பேர் சேர்வார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், படம், பதாகை. கோழிக்கூடு வரும், தையல் மெசின் வரும். திட்டம் முடிய ஆளுக்கொரு மெசினோடு வீட்டை போவார்கள். கொளுவல் வரவேயில்லை, பாருங்கோ. கொளுவ ஒன்றும் பொதுவாக இருக்கவில்லை. ஒரு சண்டையும் பிடிக்காத குழுவிலிருந்து ஒருத்தரும் ஒன்றும் படிக்கவும் இல்லை.

இதற்கு மறுகரையில் நுண்கடன். குழுக் கடன் என்று வந்தது, வங்காளதேசத்துக் கிராமீன் முறையின் பேரால். ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேணும். றைபைசன் சொன்னதும் இதுதானே என்று கேட்கலாம். இல்லை. றைபைசன் சங்கத்தில் காசு உறுப்பினருடையது, வட்டியை அவர்களே தீர்மானிக்கிறார்கள், ஆருக்குக் கடன் என்று அவர்களே கதைக்கிறார்கள், மிச்சம் சங்கத்தின் பொதுநிதிக்குப் போகிறது. இங்கே பொறுப்பு மட்டும் பெண்களுக்கு. வட்டி, தவணை, ஆருக்கு எவ்வளவு என்பதெல்லாம் வேறெங்கோ முடிவானது. கிழமைக் கூட்டம் நடக்கும் வீட்டு முற்றத்தில் ஒரு பெண் காசில்லாமல் வந்தால் மற்ற நாலு பேரும் அவளை ஏச வேணும். ஏசாவிட்டால் தங்கட காசு போகும். அதாவது வேலைச் சண்டைக்கு வழியே வைக்காமல் ஆள்ச் சண்டையை மட்டும் ஒழுங்குசெய்து கொடுத்த முறை. வட்டி ஏன் இவ்வளவு என்பது கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்க முற்றத்தில் ஆளில்லை. வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் தெருவுக்கு வந்து அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்கிற திட்டம் வந்தது. எங்களைப் பொறுத்தவரை, அந்தப் போராட்டத்தில் அவர்கள் படித்தது எந்தத் தொழில்முனைவோர் பயிற்சியிலும் கிடைக்காத படிப்பு. வட்டியைக் கணக்குப் பார்த்துக் கேள்வி கேட்கப் பழகினார்கள்.

எங்கள் வயது ஆட்களிடம் இப்ப இரண்டு மாதிரியும் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடம் வந்து பத்து வருசத்துக்கு மேல். மென்பொருள் யோசனையோடு போட்டிகளுக்குப் போகிற குழுக்கள் இருக்கின்றன. வட்டக்கச்சியில் பால், கோழி, விதைநெல் என்று யோசிக்கிற குழுக்கள் இருக்கின்றன. இரண்டிலும் நாங்கள் திரும்பத் திரும்பக் காண்பது பெரிய சண்டையை அல்ல, பேசாமல் விலகுகிறதை. ஒருத்தர் மெல்ல மெல்லக் கூட்டத்துக்கு வராமல் விடுவார். வாட்ஸ்அப்பில் நீல அடையாளம் விழும், பதில் வராது. பிறகு “அவருக்கு நேரமில்லையாம்.” ஏன் போனார் என்று மிச்சப் பேருக்கும் தெரியாது, போனவருக்கும் அதைச் சொல்ல ஒரு சொல் கிடைக்கவில்லை. அடுத்த குழுவில் அதே ஆட்கள், அதே மௌனம்.

இதற்கு மாற்றாக ஊரிலேயே ஒன்று உயிரோடு இருக்கிறது, எங்களில் பலர் கவனிப்பதில்லை. சிறுபோகத்துக்கு முந்தின கூட்டம். இரணைமடுவில் இருக்கிற தண்ணிக்கு இந்த முறை எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு, எந்தத் திகதிக்கு முன் விதைப்பு என்று அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் இருந்து முடிவெடுக்கிற கூட்டம். போய்ப் பாருங்கோ. சத்தம் கேட்டால் கைகலப்பு என்று நினைப்பீர்கள். போன வருசம் ஆர் கூட விதைத்தது, ஆர் மடையைக் களவாய்த் திறந்தது, எந்தத் தொங்கல் வயலுக்குத் தண்ணி போய்ச் சேரவில்லை என்று எல்லாம் வரும். முடிவில் ஏக்கர்க் கணக்கு ஒன்று எழுதுப்படும். ஒருவருக்கும் முழுத் திருப்தி இருக்காது. ஆனால் அடுத்த வருசம் அந்தக் கணக்கிலிருந்துதான் சண்டை தொடங்கும், சைபரிலிருந்து அல்ல. அங்கேயும் காணி உறுதி இல்லாத கூலி விவசாயிக்குக் கதிரை இருக்கிறதா, வயல் செய்கிற பெண்ணின் சொல் ஏறுகிறதா என்று கேட்டால் பதில் அவ்வளவு நல்லதாக இல்லை. அந்தக் கேள்வியை அந்தக் கூட்டத்திலேயே கேட்கலாம், கேட்க வேணும்.

நாங்கள் இப்ப பழைய கூட்டறிக்கைப் புத்தகங்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கடன் சங்கம், ஐக்கிய பண்டகசாலை, விளைபொருள் சங்கம், வாசிகசாலை, கோயில் நிர்வாகம் எதுவாக இருந்தாலும் சரி. வன்னியில் மிஞ்சினது குறைவு. ஆனால் யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டுப் பரணில், செயலாளராக இருந்த அப்பப்பாவின் றங்குப்பெட்டியில் ஏதாவது கிடக்கலாம். ஒற்றை உதிர்ந்திருந்தாலும், பூச்சி அரித்திருந்தாலும் எறிய வேண்டாம். 1971க்கு முந்தினது என்றால் இன்னும் நல்லது. வாசிக்கேக்கை “ஏகமனதாக” என்று இருக்கிற பக்கங்களை வேகமாகத் தட்டுங்கோ. “ஆட்சேபம்” என்ற சொல் வருகிற பக்கத்தில் ஒரு அடையாளம் வைத்து எங்களுக்குச் சொல்லுங்கோ. நாங்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு புத்தகத்தை உங்களிட்டையே தந்துவிட்டுப் போவம்.